இரண்டு இன்ஜினுக்கு ஒரே ஆள் ஏன் கூடாது

பல்லாவரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ போனில் பொரிந்து தள்ளியதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் உன் பெரியம்மா இருந்தாள். விமான விபத்துக் கதைகளை நான் எடுத்தாலே, "பொண்ணை ஏன்தான் இந்த வேலைக்கு அனுப்பினீங்களோ" என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் கடிதம். இதில் இன்னொரு வசதி, நடுவில் நீ குறுக்கே பேச முடியாது. படித்த பிறகு உன் அப்பாவிடமும் கொடு. அவனுக்கு ஹேங்கர் சமாச்சாரம் எதுவும் புரியாது என்பதால் உனக்குத் தெரிந்ததையும் அங்கங்கே விளக்கி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் புகார் இதுதானே? ராத்திரி ஷிஃப்ட், ஆள் குறைவு. ஒரு இன்ஜினில் ஆயில் ஃபில்டர் மாற்றி முடித்துவிட்டாய். அடுத்த இன்ஜினிலும் அதே வேலை. டூல் கையில், வேலைப் படிகள் எழுதிய கார்டு கையில், ஸ்பேர் பக்கத்தில். உன் ஷிஃப்ட் இன்சார்ஜ் மட்டும், "அதை நீ தொடாதே, வேறு ஆள் வரட்டும்" என்று உட்கார வைத்துவிட்டார். "என் மேல அவருக்கு நம்பிக்கை இல்லையா பெரியப்பா?" என்று கேட்டாய்.

உன் மேல் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு. அந்த விதி கவனமில்லாத ஆளுக்காகப் போட்டதே இல்லை. கவனமில்லாதவன் ஒரு இன்ஜினில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் தப்பு செய்வான். அவன் கெடுத்தாலும் ஒன்றுதான் கெடும். நல்ல வேலைக்காரன் அப்படியில்லை. ஒரு வேலையை எப்படிச் செய்தானோ அப்படியேதான் அடுத்ததையும் செய்வான். அவன் மனதில் ஒரு பிசகு உட்கார்ந்திருந்தால் அதையும் சுத்தமாக, அச்சு மாறாமல், இரண்டு பக்கமும் செய்து வைப்பான். ஒரு இன்ஜின் நின்றால் இன்னொன்று இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் நாம் கடலைத் தாண்டிப் பறக்கிறோம். ஒரே ஆள் இரண்டையும் தொட்டால் அந்தத் தைரியத்துக்கு அர்த்தமில்லாமல் போகிறது.

1983 மே 5. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 855-ஆம் எண் விமானம். மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளில் இருக்கும் நஸ்ஸாவுக்குக் குட்டிப் பயணம். லாக்ஹீட் டிரைஸ்டார் ரகம், அதாவது மூன்று இன்ஜின்: இறக்கைக்கு ஒன்றாக இரண்டு, வாலில் ஒன்று. அன்று அதிகாலை மியாமியில் அந்த மூன்று இன்ஜினிலும் மாஸ்டர் சிப் டிடெக்டரை மாற்றினார்கள். (தம்பி, இது உனக்கு: ஆயில் ஓடும் பாதையில் செருகியிருக்கும் காந்த முனை அது. உள்ளே பேரிங்கோ பல்சக்கரமோ தேய ஆரம்பித்தால் உதிரும் இரும்புத் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது கழற்றிப் பார்த்தால் இன்ஜினுக்கு வரப்போகும் கோளாறு முன்கூட்டியே தெரிந்துவிடும்.) டிடெக்டரைச் செருகும் இடத்தில் ஆயில் கசியாமல் இருக்க ரப்பர் ஓ-ரிங் வேண்டும். குக்கருக்கு காஸ்கெட் எப்படியோ அப்படி. அது இல்லாமலும் டிடெக்டர் உள்ளே போகும், திருகும், இறுகும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

வழக்கமாக அந்த டிடெக்டர்கள் ஃபோர்மேன் அறையில் ஓ-ரிங் மாட்டியே தயாராக இருக்கும். மெக்கானிக் எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்துவார், அவ்வளவுதான். ஓ-ரிங் மாட்டுவது தன் வேலை என்ற நினைப்பே அவருக்கு இருந்திருக்காது, யாரோ மாட்டி வைத்திருப்பார்கள். அன்று ஃபோர்மேன் அறையில் ஒன்றுகூட இல்லை. ஸ்டோருக்குப் போய் மூன்று வாங்கி வந்தார்கள். ஒவ்வொன்றிலும் 'பயன்படுத்தலாம்' என்று சான்று சொல்லும் சீட்டு. அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? இருட்டு, கை மட்டும் நுழையும் இடம், தடவித்தான் பொருத்த வேண்டும். பொருத்திவிட்டு ஸ்டார்ட்டரைப் போட்டு இன்ஜினைச் சுமார் 10 விநாடி சுற்றவிட்டுப் பார்த்தார்கள். கசிவில்லை. கார்டில் புது ஓ-ரிங் மாட்டச் சொல்லி ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கும் சேர்த்துக் கையெழுத்து விழுந்தது.

காலையில் விமானம் கிளம்பி, நஸ்ஸாவை நோக்கி இறங்க ஆரம்பித்தபோது வால் இன்ஜினில் ஆயில் அழுத்தம் விழுந்தது. அதை நிறுத்திவிட்டு மியாமிக்கே திரும்பினார்கள். திரும்பும் வழியில் மற்ற இரண்டு இன்ஜினுக்கும் அபாய விளக்கு எரிந்தது. மூன்று மீட்டரும் ஆயில் பூஜ்யம் என்று காட்டின. காக்பிட்டில் இருந்தவர்கள் நம்பவில்லை. மூன்று இன்ஜினும் ஒரே நேரத்தில் ஆயிலை இழப்பது நடக்கவே நடக்காத காரியம், மீட்டர்தான் கெட்டிருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று இன்ஜின் என்று கணக்குப் போட்டால் அது நடக்காத காரியம்தான். காலையில் மூன்றுக்கும் சம்பந்தம் உண்டாகிவிட்டது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பிறகு இறக்கை இன்ஜின் ஒன்று நின்றது. சில நிமிடத்தில் இன்னொன்றும். சுமார் 13,000 அடியிலிருந்து 4,000 அடி வரை எந்த இன்ஜினும் இல்லாமல் அந்தப் பெரிய விமானம் கடலுக்கு மேல் சறுக்கிக்கொண்டு வந்தது. பயணிகளுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டாயிற்று, தண்ணீரில் இறங்கத் தயாராகச் சொல்லியாயிற்று. அப்போது, முதலில் நிறுத்தி வைத்த வால் இன்ஜினை மறுபடி கிளப்பிப் பார்த்தார்கள். பிடித்துக்கொண்டது. அந்த ஒற்றை இன்ஜினோடு மியாமியில் இறங்கினார்கள். உள்ளே இருந்த 172 பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்தக் கதையை மெயின்டனன்ஸ் வகுப்புகளில் சொல்லும்போது, "பார்த்தீர்களா, ஒரே ஆள் எல்லா இன்ஜினையும் தொட்டால் இப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். உண்மை அவ்வளவு நேராக இல்லை. அன்று அந்த வேலையைச் செய்தது இரண்டு பேர். ஒருவர் இறக்கை இன்ஜின் இரண்டையும், மற்றவர் வால் இன்ஜினையும் பார்த்தார். உன் இன்சார்ஜ் சொல்லும் விதியில் பாதி அங்கே தானாகவே அமலில் இருந்திருக்கிறது. இருந்தும் மூன்றும் போயின. ஆள் இரண்டானாலும் டிடெக்டர் வந்த ஸ்டோர் ஒன்று, 'ஓ-ரிங் ஏற்கெனவே மாட்டியிருக்கும்' என்ற நினைப்பு ஒன்று. இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு என்ன பயன், அவரும் உன்னைப் போலவே நினைக்கிற ஆளாக இருந்தால்? அதனால், ஆளை மாற்றிவிட்டோம், இனி பயமில்லை என்று உன் இன்சார்ஜ் நினைத்தால் அதுவும் சரியில்லை. அதை அவரிடம் இந்தப் பெரியப்பா சொன்னதாகச் சொல்லாதே.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. அதே கம்பெனியில் அதே டிடெக்டர், அதே ஓ-ரிங் விஷயமாக அதற்கு முன்பே பத்துக்கும் மேற்பட்ட தடவை தொல்லை வந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் போனது ஒரு இன்ஜின்தான் என்பதால் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். சுற்றறிக்கை போனது, கார்டில் வாசகம் திருத்தினார்கள். அதாவது, மெக்கானிக் ஒழுங்காகச் செய்யவில்லை என்றே முடிவுகட்டினார்கள். ஃபோர்மேன் அறையில் ஓ-ரிங்கோடு தயாராக எடுத்து வைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது, கார்டு ஒரு வேலையைச் சொல்கிறது, கை வேறு வேலைக்குப் பழகியிருக்கிறது என்பதை யாரும் கீழே இறங்கி வந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

எந்த ஹேங்கரிலும் இரண்டு செய்முறை உண்டு, பாப்பா. ஒன்று மானுவலில் இருப்பது. இன்னொன்று ஆட்கள் நிஜமாகச் செய்வது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே போகும். பிரிகிற இடம் எது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் லைசன்ஸ் வாங்கினவனின் நிஜமான படிப்பு. அதைப் பரீட்சையில் கேட்க மாட்டார்கள்.

பிரிகிற இடத்தில் எப்போதும் சோம்பேறித்தனம்தான் இருக்கும் என்று நினைக்காதே. 1979 மே 25 அன்று சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10 ஒன்று ஓடுபாதையை விட்டு எழும்பும் நேரத்தில் இடது இன்ஜின், அதைத் தாங்கும் பைலானோடு பிய்த்துக்கொண்டு போனது. அரை நிமிடம்தான் பறந்தது. விமானத்தில் இருந்த 271 பேரும் தரையில் இருந்த 2 பேரும் போய்விட்டார்கள். காரணம் சுமார் எட்டு வாரத்துக்கு முந்தைய ஒரு மெயின்டனன்ஸ். பைலானில் பேரிங் மாற்றுவதற்கு முதலில் இன்ஜினைக் கழற்று, பிறகு பைலானைக் கழற்று என்று தயாரித்த கம்பெனி சொல்லியிருந்தது. இவர்கள் இரண்டையும் சேர்த்து ஃபோர்க்லிஃப்டில் தாங்கி ஒரே மூச்சில் இறக்கினார்கள். ஒரு விமானத்துக்கு சுமார் 200 ஆள்-மணி நேரம் மிச்சம். அதோடு இன்னொரு கணக்கும் உண்டு: கழற்றி மாட்ட வேண்டிய ஹைட்ராலிக், எரிபொருள், மின் இணைப்புகள் 79-லிருந்து 27-ஆகக் குறைந்தன.

இந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பார். கழற்றும் இணைப்பு குறைந்தால் திருப்பி மாட்டும்போது தப்பு வரும் வாய்ப்பும் குறையும். நான் அங்கே இன்ஜினியராக இருந்து யாராவது இந்த யோசனையைக் கொண்டுவந்திருந்தால், நல்ல யோசனை என்றே தலையாட்டியிருப்பேன். அந்தக் கணக்கில் வராதது, இன்ஜினும் பைலானுமாக அத்தனை எடையை ஃபோர்க்லிஃப்டில் நிறுத்தி இறக்கையின் கொக்கியில் பொருத்தும்போது கொஞ்சம் பிசகினாலும் பைலானின் பின்பக்கத் தகடு இடிபடும் என்பது. இடிபட்டது, விரிசல் விட்டது. விரிசல் விட்ட இடம் வெளியே தெரியாத இடம். அதே வழியைப் பின்பற்றிய இன்னொரு கம்பெனியின் விமானங்களிலும் அந்த மாதிரிச் சேதம் இருந்திருக்கிறது. விபத்துக்குப் பிறகு ஜூன் 6 முதல் அமெரிக்காவில் டிசி-10 விமானங்களைத் தரையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அதனால் கார்டைவிட நல்ல வழி உனக்குத் தோன்றினால் சந்தோஷப்படு, எழுதி மேலே அனுப்பு. ராத்திரி மூன்று மணிக்கு நீயாகச் செய்து பார்க்காதே. கார்டில் ஒரு வரி ஏன் இருக்கிறது என்பதற்கான காரணம் கார்டிலேயே எழுதியிருக்காது. எழுதினவன் அமெரிக்காவிலோ பிரான்ஸிலோ டிசைன் மேஜையில் உட்கார்ந்திருப்பான்.

சரி, ஷிஃப்ட் கைமாறுகிற விஷயத்துக்கு வருகிறேன். உன் கடுப்புக்கு நிஜமான பதில் அதில்தான் இருக்கிறது.

1995 பிப்ரவரி 23. பிரிட்டிஷ் மிட்லேண்டின் போயிங் 737-400, இங்கிலாந்தில் ஈஸ்ட் மிட்லேண்ட்ஸிலிருந்து கேனரி தீவுகளில் லான்சரோட்டேக்குக் கிளம்பியது. முதல் நாள் ராத்திரி இரண்டு இன்ஜினிலும் போரோஸ்கோப் வைத்து உள்ளே பார்த்திருந்தார்கள். (டாக்டர்கள் எண்டோஸ்கோப்பி பார்ப்பார்களே தம்பி, அந்த மாதிரிக் குழாய்க் கேமரா.) உள்ளிருக்கும் சுழலியைக் கையால் சுற்றிப் பார்ப்பதற்காக ஒவ்வொரு இன்ஜினிலும் ஒரு மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றினார்கள். திருப்பி மாட்டவில்லை. இரண்டு இன்ஜினிலும்தான். மேலே ஏறும்போதே இரண்டிலும் ஆயில் இறங்கிக்கொண்டே வர, பைலட்டுகள் லூட்டன் விமான நிலையத்துக்குத் திருப்பி இறக்கினார்கள். இரண்டு இன்ஜினிலும் ஆயில் ஏறக்குறைய காலி. இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டாம்.

அந்த ராத்திரி நடந்ததைக் கேள். லைனில் ஒரு இன்ஜினியர் வேலையைத் தொடங்கினார். ஆள் பற்றாக்குறை. ஹேங்கருக்குப் போய் உதவி கேட்டார். அங்கே ராத்திரிப் பொறுப்பில் இருந்தவர், "கொண்டா, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று ஏற்றுக்கொண்டார். அனுபவஸ்தர், நல்ல மனசுக்காரர். எது முடிந்தது, எது பாக்கி என்பதை வாய் வார்த்தையாகச் சொல்லி ஒப்படைத்தார்கள். எழுதி வைக்கவில்லை. வேலைக்கு நடுவில் மேற்பார்வை செய்கிற ஆளுக்கு வருகிற எல்லாத் தொந்தரவும் இவருக்கும் வந்தது: ஒருவர் ஏதோ கேட்பார், போன் வரும், எழுந்து போவார், திரும்பி வருவார். வேலை முடிந்ததும் இன்ஜினை ஓட்டிக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் சோதனை நடக்கவில்லை. கையெழுத்து மட்டும் விழுந்துவிட்டது.

அந்தக் கட்டத்தில் அவரோடு இருந்தவர்களில் யாரைக் கேட்டாலும் மூடி மாட்டியிருக்கும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஏன் மாட்டியிருக்கும்? அவர் செய்த வேலை ஆயிற்றே! ஸ்டோர் சீட்டை நம்பின மாதிரி இங்கே மனிதரை நம்பினார்கள். விதியை உனக்குப் போட்டவர்கள் உன்னை நம்பாமல் போடவில்லை. யாரையும் நம்பி உட்கார வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள். உன்னை நீயே நம்பி உட்கார வேண்டாம் என்பதும் அதற்குள் அடக்கம்.

ஜேம்ஸ் ரீசன் என்று ஒரு பிரிட்டிஷ் உளவியலாளர் இருந்தார், மனிதத் தவறுகளைப் பற்றியே வாழ்நாள் பூராவும் ஆராய்ந்தவர். அவர் சொல்லும் உதாரணம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு போல்ட்டில் எட்டு நட் வரிசையாகக் கோத்திருக்கிறது என்று வைத்துக்கொள். கழற்றுவதற்கு ஒரே வழிதான். திருப்பிக் கோப்பதற்கு 40,320 வரிசை இருக்கிறது, அதில் சரி ஒன்றுதான். அதுவும் ஒரு நட்டை மறந்தே போவதை அவர் கணக்கில் சேர்க்காமல்! கழற்றும்போது பொருளே உனக்கு வழி காட்டும். மாட்டும்போது உன் ஞாபகம்தான் வழி காட்ட வேண்டும். அதுவும் விடிகாலையில், பாதி ஆள் டீ குடிக்கப் போன நேரத்தில்.

டூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் குவான்டாஸின் ஏ-380 ஒன்றுக்குப் பரிசோதனை நடந்தது. இன்ஜினின் கம்ப்ரஸரைச் சுற்ற உதவும் 1.25 மீட்டர் நைலான் டூல் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. டூல் கணக்கில் ஒன்று குறைகிறது என்று தெரிந்தும் அதைத் தேடி முடிக்காமல் விமானத்தை விடுவித்துவிட்டார்கள். அடுத்த பரிசோதனை வரைக்கும் 34 தடவை பறந்திருக்கிறது, ஏறக்குறைய 294 மணி நேரம். ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதால் இது சின்ன விஷயம் என்று ஒருவன் சொன்னால் அவனோடு ஷிஃப்ட் போடாதே. உன் ஹேங்கரில் ஒவ்வொரு டூலுக்கும் அதன் உருவம் வரைந்து இடம் வைத்திருக்கும் ஷேடோ போர்டில் ஒரு இடம் காலியாக இருந்தால், விமானம் கிளம்பும் நேரம் தாண்டினாலும் பரவாயில்லை, அந்த இடம் நிரம்பாமல் கையெழுத்துப் போடாதே. லேட்டானால் கத்துவார்கள். கத்தட்டும்.

ஹீத்ரோவில் 2013-ல் நடந்தது வேறு தினுசு. ஏ-319 விமானத்தில் இரண்டு இன்ஜின் கவ்லிங்கும் (இன்ஜினை மூடும் கதவுகள், தம்பி) லாட்ச் போடாமல் இருந்தன. ஆயில் ஊற்ற சாதனம் எடுத்து வரப் போன இருவர், திரும்பும்போது வேறு ஸ்டாண்டில் நின்ற வேறு விமானத்துக்குப் போய்விட்டார்கள். அதில் கவ்லிங் மூடி, லாட்ச் போட்டிருந்தது. சரிதான், யாரோ மூடிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். தங்கள் விமானம் லாட்ச் இல்லாமலே காலையில் கிளம்பியது, மேலே எழும்பும்போதே நான்கு கதவும் பிய்ந்துபோயின. வலது இன்ஜினில் தீ பிடித்து, ஒருவழியாக ஹீத்ரோவுக்கே திரும்பிப் பத்திரமாக இறங்கியது. அந்த லாட்ச் இன்ஜினுக்கு அடியில், தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. குனிந்தால்கூடச் சரியாகத் தெரியாது, முட்டி போட வேண்டும். நீ முட்டி போடு. யூனிஃபார்ம் அழுக்கானால் பெரியம்மா துவைத்துத் தருவாள்.

இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதை நீயே கவனித்திருப்பாய்: யாரோ. யாரோ மாட்டியிருப்பார்கள், யாரோ மூடியிருப்பார்கள், யாரோ பார்த்திருப்பார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். தன் கண்ணால் பார்க்காத ஒன்றுக்கும் ஸ்டாம்ப் வைக்க மாட்டார். எவ்வளவு அவசரம் என்றாலும், மேனேஜரே வந்து நின்றாலும், கவ்லிங்கைத் திறக்கச் சொல்வார். அவரால் லேட்டான விமானங்களுக்குக் கணக்கே இல்லை. எங்களுக்கெல்லாம் அப்போது அவரைப் பிடிக்காது. இப்போதும் அவ்வளவாகப் பிடிக்காது, பழகுவதற்குக் கரடு. ஆனால் அவர் ஸ்டாம்ப் இருந்த வேலையை நாங்கள் யாரும் இரண்டாவது தடவை யோசித்ததில்லை. அதுவேகூட ஒரு கோளாறுதான், அதை அப்புறம் பேசலாம்.

உனக்கு நான் சொல்லிக்கொடுக்கக்கூடியது கொஞ்சம்தான். கார்டை வேலைக்கு முன்னால் ஒரு தடவை முழுசாகப் படி. வேலையின்போது விரல் வைத்து வரி வரியாகப் படி. ஒரு வரி முடிந்ததும் கையெழுத்து, அடுத்த வரி. கடைசியில் மொத்தமாகப் போடுகிற பழக்கத்தை இப்போதே விட்டுவிடு. எல்லோரும் செய்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனால், திரும்பி வந்ததும் நீ நிறுத்திய வரிக்குப் போகாதே, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வரியிலிருந்து ஆரம்பி. கழற்றின எதையும் கழற்றின உடனே எழுதி வை. ஷிஃப்ட் முடிந்து ஒப்படைக்கும்போது முடிந்த வேலையைப் பற்றி நீட்டி முழக்காதே, முடியாததைச் சொல், அதுவும் எழுத்தில். வந்தவன் அவசரப்பட்டால் அவனை விமானத்துக்கு அடியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

இன்சார்ஜ் மேல் கோபமிருந்தால் இருக்கட்டும், அது ஒரு வாரத்தில் போய்விடும். அடுத்த தடவை அவர் உன்னை உட்கார வைத்தால் சும்மா உட்காராதே. அடுத்த இன்ஜினுக்கு வருகிற ஆளிடம், "நான் என்ன செய்தேன்னு சொல்ல மாட்டேன், நீங்க கார்டைப் பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் செய்வதைப் பார். உன் முறையும் அவர் முறையும் எங்கே வேறுபடுகிறது என்று கவனி. அங்கேதான் கார்டில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கும். யார் சரி என்று சண்டை போட வேண்டாம், இரண்டையும் இன்சார்ஜிடம் கொண்டுபோ.

ஒரு விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் ஸ்டோரில் ஃபில்டரும் ஓ-ரிங்கும் ஒரே பாக்கெட்டில் வருகிறதா, தனித்தனியாகவா? தனித்தனி என்றால், ஒருநாள் ஒன்று மட்டும் வந்தால் கவுண்டரில் யாராவது கேட்பார்களா? விசாரித்து எழுது. போனில் வேண்டாம், பெரியம்மா கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்புடன்,
பெரியப்பா